கிரகணத்து மழைத்தண்ணீர்

செப்டம்பர் 5, 1978. செவ்வாய். சின்னக்கானல்.

காலையிலிருந்து மழை. கூரைமேல் வைத்த தட்டில் விழுந்து, குழாய் வழியாகக் கேனுக்குள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இதைவிட நல்ல கச்சேரி எனக்கு வேண்டாம்.

அம்மா நேற்று வந்து சேர்ந்தாள். என்னைப் பெற்றவள் இல்லை, இவரைப் பெற்றவள், இவரைத் துரை என்று கூப்பிடுகிறவள். சேஷம்மாள் என்றால் கல்பாத்தியில் தெரியாதவர் கிடையாது. பாலக்காட்டிலிருந்து உடுமலை வந்து, மலையேறி, மூணாறில் பஸ் மாறி, அத்தனை வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸகஸ்ரநாமம் சொன்னாளாம். காப்பி குடித்து முடித்ததும் முதல் பேச்சே இதுதான்: "ஐப்பசித் தேருக்கு முன்னாடி உன்னைக் கூட்டிண்டு வரேன்னு துரைகிட்டச் சொல்லிட்டாக்கும் வந்திருக்கேன். ஒரேடியா, கேட்டியா?"

கேட்டேன். நியாயம்தான். எழுபத்தாறில் இங்கே வரும்போது இரண்டு மழைக்காலம் போதும், அப்புறம் வந்துவிடுகிறேன் என்று இவரிடம் சொன்னவள் நான்தான். இது மூன்றாவது. இவர் பாலக்காட்டில் பிள்ளைகளுக்கு பிஸிக்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, பெண்டாட்டி எங்கே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அம்மாவும் இங்கே வந்துவிட்டதால் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். ரசத்தில் உப்புப் போட மறந்துவிடுவார்.

தேருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?

செப்டம்பர் 7

தட்டை, குழாயை, கேனை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "இதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?"

செப்டம்பர் 10. ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை ஆசிட் நாள். வாரம் முழுக்கச் சேர்ந்த தண்ணீரில் ஆசிட் விட்டு, இரும்பு உப்பும் அம்மோனியாவும் கலக்கி, படிய வைத்து, வடிகட்டினால் கடைசியில் மிஞ்சுவது துருநிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. அதைப் பொட்டலம் கட்டி பம்பாய்க்கு அனுப்புவேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நல்லமுத்து அதைக் கருவிக்குள் வைத்து எண்ணிச் சொல்வார். மதுரைக்காரர், என் வயதுதான், வம்பு பேசாத மனுஷர்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "அதுல என்னதான் இருக்கு?"

சொன்னேன். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடித்து, அதிலிருந்து கிளம்பிய துகள் கோடிக்கணக்கான வருஷம் சுற்றிவிட்டு நம் காற்றுக்குள் நுழைகிறது. நுழைந்த வேகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவை அடித்து உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஒன்று பெரிலியம். அது தூசியில் ஒட்டிக்கொண்டு மேலேயே அலைந்து, கடைசியில் மழையோடு இறங்கி இந்தக் கேனுக்குள் வருகிறது. ஐம்பத்து மூன்று நாளில் பாதி தானாகவே சிதைந்துவிடும், அதனால் சீக்கிரம் எண்ண வேண்டும். எத்தனை வந்தது என்று பார்த்தால், மேல் காற்று எவ்வளவு சுருக்காகக் கீழே இறங்குகிறது, வெளியிலிருந்து எத்தனை துகள் வந்தது, இரண்டையும் ஊகிக்கலாம்.

எத்தனை தடவை சொன்னாலும் பழகவில்லை. பம்பாயில் எல்லாரும் இதை நம்பர் என்கிறார்கள். நம்பராம்!

"எல்லா வருஷமும் ஒண்ணுபோல வருமோ?" என்றாள் அம்மா. நல்ல கேள்வி. இல்லை. சூரியன் பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை சாந்தமாக இருக்கும். அப்போது வெளித்துகள் நிறைய வரும். சூரியன் கொந்தளிக்கும்போது அதன் காந்தக்காற்று வெளித்துகளை விரட்டிவிடும். எழுபத்தாறு சாந்தமான வருஷம். இப்போது கொந்தளிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிடித்தவள் நான்.

"ஓ. கோவக்காரன் இருக்கிற ஆத்துல திருடன் நுழைய மாட்டான்" என்றாள் அம்மா. இதைவிடச் சுருக்கமாக நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

செப்டம்பர் 13

கத்தரீனாள் இன்று வந்தபோது ஒன்று நடந்தது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், காலையில் ஏணியேறித் தட்டைத் துடைத்து, நிறைந்த கேனை இறக்கிக் கொடுப்பது அவள்தான். பூச்சி, இலை, பறவை எச்சம் எதுவும் விழாமல் அவள் பார்த்துக்கொள்கிற மாதிரி யாரும் பார்க்க மாட்டார்கள்.

அம்மா அவளிடமிருந்து கேனை வாங்க மறுத்தாள். "கீழ வை. நான் எடுத்துக்கறேன்." தொட்டால் குளிக்க வேண்டுமே. கத்தரீனாள் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெரியம்மா, மேகத்துல எந்தச் சாதி கை வச்சிச்சோ, யாரு கண்டா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் சொன்னேன், இங்கே மடி, ஆசாரம் எல்லாம் கேனுக்கு, மனுஷாளுக்கு இல்லை என்று. கை கழுவினால் போதும். ராத்திரி அம்மா ரசம் மட்டும் வைத்தாள், பொரியல் இல்லை. அதுதான் பதில்.

செப்டம்பர் 17. ஞாயிறு.

கோபம் இன்னும் போகவில்லை. எழுதினால் அடங்கும்.

நேற்று ராத்திரி சந்திர கிரகணம். பஞ்சாங்கத்தில் பார்த்து அம்மா சாயங்காலமே சாப்பாட்டை முடித்துவிட்டாள். தயிரில், ஊறுகாயில், குடத்துத் தண்ணீரில் தர்ப்பை போட்டாள். கல்பாத்தியில் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு இதெல்லாம் புதிதா? நானும் கவனிக்காமல் படுத்துவிட்டேன்.

காலையில் ஆசிட் விடக் கேனைத் திறக்கிறேன், உள்ளே தர்ப்பை. நல்ல கைப்பிடிக் கட்டு. வாரம் முழுக்கப் பெய்த மழை, இந்த மாதத்தின் பெரிய மழை, அதில் புல்லு மிதக்கறது.

"என்ன பண்ணிட்டேள் அம்மா, என்ன பண்ணிட்டேள்" — கத்திட்டேன். இதுவரைக்கும் அவளிடம் குரல் உயர்த்தினது இல்லை. அம்மா அசையாம நின்னா. "நீ இத்தனை பாடுபட்டுப் பிடிச்ச ஜலம். கிரகணத்துல தீட்டாயிட்டா அத்தனையும் கொட்டணுமே. அது கூடாதேன்னு ஆக்கும் போட்டேன்."

அப்புறம் என்ன கத்த முடியும்? வெளியே போய் மழையில் நின்றேன்.

செப்டம்பர் 18

தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. தர்ப்பையைத் தனியாக எடுத்து ஆசிடில் அலசி, அதைத் தனிப் பொட்டலம் ஆக்கினேன். கேனில் இருந்தது ஒன்று, தர்ப்பையிலிருந்து வந்தது ஒன்று. இரண்டும் பம்பாய்க்குப் போயாச்சு. பொட்டலத்தின்மேல் 'தர்ப்பை' என்று எழுதும்போது சிரிப்பு வந்தது. நல்லமுத்து என்ன நினைப்பாரோ.

அம்மா இரண்டு நாளாக என்னைக் கேட்காமலே காப்பி போட்டு வைக்கிறாள். நானும் குடித்துவிடுகிறேன்.

அக்டோபர் 4. புதன்.

நல்லமுத்து கடிதம். எண்ணி முடிக்க இன்னும் ஒரு வாரமாகுமாம். ஆனால் வேறு சேதி! செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி சூரியனில் பெரிய வெடிப்பு. அங்கிருந்து கிளம்பிய துகள்கள் கொஞ்ச நேரத்திலேயே துருவத்தில் வந்து கொட்டியிருக்கின்றன. உலகத்தில் எத்தனையோ நிலையங்களில் கருவிகள் துள்ளியிருக்கின்றன.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மழை, கொழுந்து நிறுவை, அம்மாவின் வத்தக்குழம்பு. பூமியின் காந்தம் நம் தலைக்குமேல் படுத்துக்கிடக்கிறது. சூரியத் துகள் அதைத் தாண்டி இங்கே இறங்க முடியாமல் வளைந்து வடக்கும் தெற்கும் போய்விடுகிறது. இந்த ஊருக்கு வருவதெல்லாம் அதைவிடப் பெரிய வேகத்தோடு, வெகுதூரத்திலிருந்து வருகிறவை மட்டும்தான்.

துருவத்தில் இறங்கினது சும்மா இருக்காது. நைட்ரஜனை உடைக்கும், அது ஆக்ஸிஜனோடு சேரும், சேர்ந்தது ஓசோனைத் தின்னும். எழுபத்திரண்டு ஆகஸ்டில் அப்படி ஒரு வெடிப்புக்கு அப்புறம் துருவத்துக்கு மேலே ஓசோன் குறைந்ததைச் செயற்கைக்கோள் பார்த்திருக்கிறது. போன வருஷம் அந்தக் கட்டுரை வந்தபோது இரண்டு நாள் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. ஓசோன்தான் வெயிலைக் குடித்து மேல் காற்றைச் சூடாக்குகிறது. அது குறைந்தால் அங்கே குளிரும், குளிர்ந்தால் காற்றோட்டம் மாறும். அது கீழே நம் மழைவரைக்கும் எட்டுமா? யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நம்பக் கூடாது. மேலிருப்பது எப்படிக் கீழே வருகிறது என்பதே இன்னும் சரியாகத் தெரியவில்லை. அதற்குத்தானே இந்தக் கேன்.

எட்டு நிமிஷ வெளிச்சத் தூரத்தில் ஒருவன் தும்மினால் வடதுருவத்துக் காற்றின் ரசாயனம் மாறுகிறது. இதை அறிகிற காலத்தில் நான் பிறந்திருக்கிறேன். என்ன பாக்கியம்.

அக்டோபர் 11

நல்லமுத்து எண்ணிவிட்டார்.

அந்த வாரத்துப் பெரிலியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர்ப்பையில் இருக்கிறது.

முதலில் சந்தோஷம். புல்லு இத்தனை பிடித்துக்கொள்கிறதா, அப்போது இந்த மலை முழுக்க இருக்கிற தேயிலையும் ஏலமும் புல்லும் எத்தனை பிடித்து வைத்திருக்கும் என்று மனசு ஓடியது. பிறகு, கைகழுவும்போதுதான், சில்லென்று உறைத்தது. ஆசிட் விடாத தண்ணீரில் பெரிலியம் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. தர்ப்பை இருந்தால் தர்ப்பை. இல்லாவிட்டால்?

இல்லாவிட்டால் கேன்.

அக்டோபர் 12

காலியான கேன்களைக் கெட்டியான ஆசிடால் அலசினேன். இதை பம்பாய்க்கு அனுப்பி எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்து ஆசிட் விட்டேன். அதற்குள் ஒரு பகுதி கேனின் உள்சுவரில் ஒட்டி, அந்த லேசான ஆசிடுக்கு விடாமல் தங்கிவிட்டது. மூன்று வருஷமாக. ஒவ்வொரு வாரமும்.

பிளாஸ்டிக்கில் ஒட்டாது என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானே நினைத்தேன்.

எழுபத்தாறில் சூரியன் சாந்தமாக இருந்தபோது பிடித்த மழை அத்தனையும் குறைவாக எண்ணப்பட்டிருக்கிறது. எவ்வளவு குறைவு என்று தெரியாது. அந்த மழையைத் திரும்பக் கூப்பிட முடியுமா? அடுத்த சாந்தம் எண்பத்தாறு, எண்பத்தேழில்.

அக்டோபர் 15. ஞாயிறு.

இவர் நேற்று வந்தார். தலையில் மஃப்ளர், கையில் ஒரு சீப்பு நேந்திரம். விஷயத்தைச் சொன்னேன். தர்ப்பை கதையைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆகாசத்துலேர்ந்து வரதைத் தர்ப்பை பிடிக்கும்னு நம்ம பெரியவாளுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, பார்த்தையா!"

தெரியாது, என்றேன். கோரைப்புல்லைப் போட்டிருந்தாலும் பிடித்திருக்கும். வைக்கோலைப் போட்டிருந்தாலும் பிடித்திருக்கும். கிரகணத்துக்கும் பெரிலியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிஸிக்ஸ் வாத்தியார் இப்படிப் பேசலாமா? இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் பாவமாக இருந்தது.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டார். "கணக்கு தப்புன்னு தெரிஞ்சாச்சு. இனி இங்கே என்ன இருக்கு, பர்வதம்?"

இருக்கிறது என்றேன். இனிமேல் தட்டிலிருந்து வருகிற தண்ணீரைப் பாதியாகப் பிரித்து இரண்டு கேனில் பிடிக்க வேண்டும். ஒன்றில் முதலிலேயே ஆசிட். மற்றதில் பழையபடி, ஞாயிற்றுக்கிழமை. தூறல், பேய்மழை, வெயில் நாள் எல்லாவற்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் பழைய கணக்கைத் திருத்திவிடலாம். எழுபத்தாறு பிழைத்துவிடும். ஆனால் அதற்கு அடுத்த ஐப்பசி வரைக்கும் ஒரு முழு வருஷம் வேண்டும்.

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீ சொன்னது ரெண்டு மழைன்னு ஆக்கும்" என்றார். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது சட்டையில் ஒரு பித்தான் இல்லை என்பதைப் பார்த்தேன். தைத்துக் கொடுக்க நேரமில்லை.

அக்டோபர் 16

நாங்கள் பேசியதை அம்மா கேட்டிருக்கிறாள். "என்னாலேதானே எல்லாம் கெட்டுப்போச்சு?"

இல்லை அம்மா, நீங்கள் போட்டதால்தான் தெரிந்தது, நீங்கள்தான் காட்டிக்கொடுத்தீர்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா என் மனசு வெஷமம், வருத்தம் தீரச் சொல்லாதே. நான் ஒண்ணும் காட்டலை. கிரகணத்துக்குப் போட்டேன். அதைத் தூர எறியாம எடுத்து அலசிப் பார்த்தது நீ."

எத்தனை பேர் தங்களுக்கு இல்லாத பெருமையை இப்படித் தட்டிவிடுவார்கள்? பம்பாயில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

அக்டோபர் 24

எஸ்டேட் ஃபிட்டர் குழாயைக் கவையாகப் பிரித்துக் கொடுத்தார். இரண்டு கேன் வைத்தாயிற்று. எதற்கு வைக்கிறேன்? மூன்று வாரத்தில் கிளம்பப் போகிறவள். ஆனாலும் வைத்தேன்.

நவம்பர் 2

தீபாவளி முடிந்தது. மூன்று பேருக்கு அம்மா ஒரு படி மாவில் தேன்குழல் பிழிந்தாள். மூன்றாவது ஆள் கத்தரீனாள்.

வடகிழக்கு மழை தினம் மத்தியானம் இடியோடு வருகிறது. இன்று கேன் நிறைந்துவிட்டது. நான் உள்ளே வடிகட்டிக்கொண்டிருந்தேன், கையை எடுக்க முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கத்தரீனாள் ஏணியிலிருந்து கேனை நீட்டினாள். அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கி, மூடி, வராந்தாவில் கொண்டு வந்து வைத்துவிட்டு, கத்தரீனாளுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள். குளிக்கவில்லை.

கேட்டால் கெட்டுவிடும்.

நவம்பர் 9

நல்லமுத்து எழுதியிருக்கிறார். கேன் அலசினதில் பெரிலியம் இருக்கிறது, நான் பயந்த அளவுக்கு. ஆய்வுக்கூடத்துப் பெரியவரிடம் பேசிவிட்டாராம். ஆள் இருந்தால் ஒரு வருஷம் நீட்டலாம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

ஆள் இருந்தால்.

இவருக்கு என்ன எழுதுவது? சொன்ன சொல் ஒரு பக்கம். இவர் கெட்டவராக இருந்தால் சுலபமாக முடிவு செய்திருப்பேன். நல்லவர், தனியாக இருக்கிறார், காத்திருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு முழு சூரிய சாந்தம், நான் சரி செய்யாவிட்டால் யாரும் சரி செய்ய மாட்டார்கள். மழைத்தண்ணீருக்காக ஒருத்தி குடித்தனத்தை விடுவாளா என்று ஊர் கேட்கும். மழைத்தண்ணீர் இல்லையே அது.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 12. ஞாயிறு.

பெட்டி கட்டினேன். கருவிகளைத் துடைத்து உறையில் போட்டேன். தேருக்குப் போய், பிறகு வந்து சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முப்பத்து நாலு வயசில் மாமியார் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள். "இந்த வாரம் மழை இருக்குமோ?"

இருக்கும்.

"நீயும் நானும் எறங்கிட்டா கேனை யார் மாத்துவா? கத்தரீனாள் ஒத்தையா ஏணியும் பிடிச்சுண்டு கேனும் வாங்க முடியுமோ?"

முடியாது. விட்டுவிட வேண்டியதுதான்.

"வாரம் விட்டா அப்புறம் அந்த வாரம் கிடைக்குமோ?"

கிடைக்காது, அம்மா.

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "அப்போ நீ போ. தேர் அன்னிக்கு ஆத்து வாசல்ல கோலம் வேணும், துரைக்கு ஒரு வாய் நல்ல சாப்பாடு வேணும். எனக்குத் தேர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. ஆசிட் மாத்திரம் நீ ஊத்தி வச்சுட்டுப் போ, அந்த எழவை நான் தொட மாட்டேன்."

அலுத்துப்போச்சாம். கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து அம்மா ஒரு தேரையும் விட்டதில்லை. பிரசவித்த உடம்போடு ஜன்னலில் நின்று பார்த்தவள்.

நவம்பர் 13

காலை பஸ். ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா தலையில் மழைக்கு எஸ்டேட்டில் மாட்டுகிற கொங்காடிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, கத்தரீனாளிடம் ஏணியை எங்கே சாத்த வேண்டும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை அசைக்கக்கூட இல்லை.

நவம்பர் 16. வியாழன். கல்பாத்தி.

மூன்றாம் நாள் தேர். நான்கு தெருத் தேரும் சேர்கிற சாயங்காலம். வடத்தை ஜனம் இழுக்க, பின்னாலிருந்து யானை நெற்றியை வைத்துத் தள்ள, சக்கரம் கிறீச்சிட்டு நகர்ந்தது. நெரிசலில் இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில், எல்லார் முன்னாலும். எனக்கு வெட்கமாக இருந்தது, விடச் சொல்லவில்லை.

அம்மா கேனுக்காகத் தங்கிவிட்டாள் என்று சொன்னதைத் தவிர, இந்த மூன்று நாளில் நீட்டிப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. பித்தான் தைத்தேன். ரசத்தில் உப்புப் போட்டேன். அம்மா இல்லாத வீட்டில் இருவரும் விருந்தாளிகள் மாதிரி ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டோம்.

தேர் நின்றபோது அடுத்தாத்துக் கமலம் மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்துட்டையா பர்வதம், சந்தோஷம். சேஷம்மாள் எங்கே? தேரும் அதுவுமா காணோமே?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை, பெருமை இருந்தது.

"அம்மா மலையில மழை பிடிச்சிண்டிருக்கா, மாமி. ஞாயித்துக்கிழமை இவ போய்க் கேனை வாங்கிண்டாத்தான் அவளால எறங்க முடியும். அடுத்த ஐப்பசி வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான்."